மேனேஜர் சாப்பிட்டானா

கட்டிலின் தலைமாட்டை உயர்த்துகிற கைப்பிடி பாதியில் சிக்கிக்கொண்டது. மருமகன் அதை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான். பிறகு முழங்காலை ஊன்றிக் குனிந்து பார்த்தான். கடைசியில் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியிலேயே புகுந்துவிட்டான்.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் தொழில். ஆட்களை ஏற்றிக்கொண்டு மாடி மாடியாகப் போகிற பெட்டியையே சொன்ன பேச்சு கேட்க வைக்கிறவனுக்கு, ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் முரண்டு பிடிப்பது பொறுக்கவில்லை. தவிர, அவனுக்கு அங்கே வேறு வேலையும் இல்லை. இத்தனை நாளும் அப்பாவின் பக்கத்தை விட்டு நகராமல் கிடந்த அவன் மனைவி, அன்று காலையில்தான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதாகக் கிளம்பினாள். போகும்போது, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், பேச்சுக் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஏற்பாடு மாமனாருக்கும் பிடித்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

கட்டிலுக்கு அடியில் இருந்த உலகம் வேறு மாதிரி இருந்தது. சக்கரத்தில் யாருடைய தலைமுடியோ சுற்றிக்கிடந்தது. ஒரு பிளாஸ்டிக் பேசின், மாமனாரின் செருப்பு, என்றைக்கோ உருண்டுபோன ஒரு பாட்டில் மூடி. திருகுத் தண்டின் மரை தேய்ந்து, தாங்கு தகடு சாய்ந்திருந்தது. அவன் ஒரு திருகாணியைக் கழற்றிப் பல்லுக்கு இடையில் வைத்துக்கொண்டு, சாவிக்கொத்தின் முனையால் தகட்டை நெம்பிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"மேனேஜர் சாப்ட்டானா?"

வாயில் திருகாணி இருந்ததால் அவன் "ம்" என்றான்.

சிறிது நேரம் ஒன்றும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, நன்றாக விழித்திருப்பவர் குரலிலேயே மாமனார் சொன்னார்: "அதுக்கு அந்த மாத்திரையெல்லாம் வேணாம்னு சொல்லு. சோறு ஒழுங்கா தின்னுது. அது போதும்."

"ம்."

தகடு நேராயிற்று. திருகாணியைப் போட்டு முடுக்கிவிட்டு வெளியே வந்தான். முழங்கையில் கிரீஸ். கைப்பிடியைச் சுற்றினான். தலைமாடு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு உயர்ந்தது. தன் வேலையில் அவனுக்கு ஒரு சின்ன திருப்தி. "மாமா, இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டான். மாமனாரின் தலை தலையணையோடு எழும்பி, மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

நர்ஸ் வந்தாள், அவளுக்குப் பின்னால் டாக்டர் வந்தார். அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். பெரிதாகச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததுதான். டாக்டர் போன பிறகு நர்ஸ் போர்வையை நேர் செய்தபடியே, கடைசியாக ஏதாவது பேசினாரா என்று கேட்டாள். கேட்பதற்காகக் கேட்டதல்ல, பரிவோடுதான் கேட்டாள்.

"வீட்டைப் பத்திக் கேட்டாரு" என்றான் மருமகன்.

அது பொய் என்று சொல்ல முடியாது.

மேனேஜர் என்பது நாய். மண் நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். மாமனார் பஸ் டிப்போவில் டயர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அது எங்கிருந்தோ வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்து வீட்டைச் சுற்றி ஒரு நடை; தொட்டி, செருப்பு, சைக்கிள், குழாயடி என்று ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துவிட்டு, எதிலும் திருப்தி இல்லாத முகத்தோடு திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். எங்கள் டிப்போ மேனேஜர் அச்சாக இப்படித்தான், ஒரு நட்டைக்கூட முடுக்கினதில்லை, ஆனால் எல்லாவற்றையும் மோந்து பார்த்தாக வேண்டும் என்று மாமனார் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

நாய் வந்த அன்றே சண்டையும் வந்தது. மாமியார் வேலைக்குப் போன காலமெல்லாம் குழந்தைகள் நல மையத்தில் கழித்தவர். வருகிற பிள்ளையைத் தூக்கி எடை மேடையில் வைத்து, முள்ளைப் பார்த்து, சொட்டு மருந்தோ சத்துப் பொடியோ கொடுத்து அனுப்புவது அவர் வேலை. அந்தக் கண் அவரை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கிற குழந்தையைப் பார்த்தாலும் முதலில் மணிக்கட்டைத்தான் பார்ப்பார். மேனேஜருக்கு விலா எலும்பு தெரிந்தது. அன்று சாயங்காலமே பச்சை டப்பா வந்தது, அது எலும்புக்கு. அடுத்து வெள்ளை டப்பா, அது முடிக்கு. பிறகு மீனெண்ணெய்.

மாமனாருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. நாய் காட்டில் இருந்த காலத்தில் எந்த மருந்துக் கடைக்குப் போயிற்று என்று கேட்டார். காட்டில் இருந்த நாய் எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்று அவர் போய் எண்ணிவிட்டு வந்தாரா என்று மாமியார் கேட்டார். இருவரும் குரலை உயர்த்த மாட்டார்கள். அடுப்படியிலிருந்து ஒன்று, கூடத்திலிருந்து ஒன்று என்று வார்த்தைகள் போய் வந்துகொண்டிருக்கும். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மருமகன் அதைக் கேட்டிருக்கிறான். அந்தப் பேச்சு ஒரு நாளும் முடிந்ததில்லை, சூடானதும் இல்லை. மின்விசிறிச் சத்தம் மாதிரி அந்த வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு தடவை இதற்கு ஒரு தீர்ப்பு வேண்டும் என்று இரண்டு பேருமே கிளம்பிவிட்டார்கள். மருமகன்தான் வண்டி ஓட்டினான். மாமியார் டப்பாக்களைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். மாமனார் நாயை மடியில் வைத்துக்கொண்டார். கால்நடை மருத்துவர் சின்னப் பெண். இரண்டு பக்க வாதத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டுச் சாப்பாடு மட்டும் சாப்பிடுகிற நாய்க்குச் சில சத்துகள் குறையலாம், அப்போது தேவைப்படும் என்றாள். பாக்கெட் தீனி தின்றால் அதிலேயே எல்லாம் கலந்திருக்கும், மேற்கொண்டு எதுவும் வேண்டாம் என்றாள். அளவு தெரியாமல் கொடுத்தால் நல்லது கெடுதலாகிவிடும், எதற்கும் ரத்தம் பார்த்துவிடலாம் என்றாள். வெளியே வரும்போது மாமியார் கையில் முதல் பாதி இருந்தது, மாமனார் கையில் இரண்டாம் பாதி இருந்தது. ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. பார்த்தாயா, ஒன்றும் தேவையே இல்லை என்றார் மாமனார். மாத்திரை கொடுத்ததால்தானே சரியாக இருக்கிறது என்றார் மாமியார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க இதையே பேசிக்கொண்டு வந்தார்கள். கண்ணாடியில் பார்த்தபோது, இருவரும் சந்தோஷமாக இருப்பது போலத்தான் மருமகனுக்குத் தோன்றியது.

அவனுக்கும் மாமனாருக்கும் இடையில் இந்த அளவு பேச்சுக்கூட இருந்ததில்லை. கல்யாணம் ஆன நாள் முதல், "வாங்க மாப்ள", "உக்காருங்க மாப்ள", "டயர்ல காத்து பாத்தீங்களா மாப்ள" என்பதற்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு முறையும் அவரே குனிந்து கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதையைத் தாண்டி உள்ளே போக வழிதான் தெரியவில்லை. அவனும் பேச்சுக்காரன் இல்லை.

அதனால்தான், ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவிக்காகக் காத்திருந்தபோது, அவன் மனதில் மாத்திரை நிற்கவில்லை, நாயும் நிற்கவில்லை. "சொல்லு" என்ற ஒரு சொல் நின்றது. சொல்லுங்க என்று சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து, கடைசி மூச்சுக்கு முந்தின மூச்சில், அந்த மனிதர் வாசலில் நிற்கிறவனை உள்ளே கூப்பிட்டுக்கொண்டது போல இருந்தது. அவன் அதை யாரிடமும் சொல்வதாக இல்லை. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட மாதிரி உள்ளே வைத்துக்கொண்டான்.

மனைவி ஈரத் தலையோடு வந்தாள். மாடிக்கு வருவதற்குள் கீழேயே யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் அழவில்லை. அப்பாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. கட்டிலின் தலைமாடு உயர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இது வேலை செய்யாமல்தானே இருந்தது என்றாள். சரி செய்துவிட்டதாக அவன் சொன்னான். அவள் தலையாட்டினாள். வராந்தாவுக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

"ஏதாவது சொன்னாரா?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நாய் மாத்திரையைப் பற்றிப் பேச அவனுக்கு வாய் வரவில்லை. இத்தனை ராத்திரி உட்கார்ந்திருந்தவளுக்கு, எழுந்துபோன அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக அதையா கொடுப்பது?

"பெருசா ஒண்ணும் சொல்லல" என்றான்.

அவள் அவனையே சற்று நேரம் பார்த்தாள். அவனுக்குப் பொய் சொல்ல வராது என்பது கல்யாணமான புதிதிலேயே அவளுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அப்போது அதைத் துருவ அவளுக்குத் தெம்பு இல்லை. யாருக்கெல்லாம் போன் செய்ய வேண்டும் என்று பேச ஆரம்பித்தாள்.

பகலுக்குள் வீட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாடகை நாற்காலிகள் வாசலிலிருந்து தெருவரைக்கும் போயின. மாமனாரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மாமியார் தலைமாட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலியால் அவரால் தரையில் உட்கார முடியாது. வருகிறவர்கள் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பிடித்த கைகளை எல்லாம் ஒரு முறை அழுத்திவிட்டு விட்டுவிட்டார். மேனேஜரை யாரோ குளியலறையில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். அது குரைக்கவில்லை. கதவுக்கு அடியில் அதன் மூக்கு மட்டும் தெரிந்தது. மருமகன் கதவைத் திறந்துவிட்டான். அது நேராகப் போய் மாமியாரின் ஸ்டூலுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

மாமனாரின் அண்ணன் மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டார். வீட்டில் எல்லாருக்கும் அவர் பெரியப்பா, மருமகனுக்கும் அப்படித்தான். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். எந்த விஷயத்தையும் அரைகுறையாக விட மாட்டார். வந்தவுடன் மருமகனை வாசல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், நீங்கதான் பக்கத்தில் இருந்தீர்களாமே, தம்பி என்ன சொன்னான் என்று கேட்டார். மருமகன் நர்ஸிடம் சொன்னதையே சொன்னான். வீட்டைப் பற்றி ஏதோ கேட்டார் என்றான்.

பெரியப்பா கண்ணை மூடித் திறந்தார். "வீட்ட" என்றார். "ஆமா. அவனுக்கு அதுதான் கவலை."

அதற்குப் பிறகு நடந்ததை மருமகன் நாற்காலிகளை ஒழுங்குபடுத்துகிற சாக்கில் காதால் கேட்டுக்கொண்டிருந்தான். முதலில் வந்தவர்களிடம், வீட்டைப் பற்றிக் கேட்டானாம் என்று பெரியப்பா சொன்னார். அடுத்து வந்தவர்களுக்கு, வீட்டைப் பார்த்துக்கச் சொன்னானாம் என்று ஆயிற்று. சாப்பாட்டு நேரம் தாண்டுவதற்குள் அதற்குக் கை கால் முளைத்து, முகம்கூட வந்துவிட்டது. டிப்போவிலிருந்து வந்திருந்த பழைய ஆட்களிடம் பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "மாப்பிள்ளை கையப் புடிச்சுக்கிட்டு, 'எல்லாரையும் நீங்கதான் பாத்துக்கணும் மாப்ள'ன்னு சொல்லிட்டுக் கண்ண மூடியிருக்கான். குடுத்து வச்சவன்."

டிப்போக்காரர்கள் திரும்பி மருமகனைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து வந்து தோளைத் தட்டினார். மருமகனின் முழங்கையில் கிரீஸ் இன்னும் போகவில்லை. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

எந்த இடத்தில் மறுத்திருக்க வேண்டும் என்று அவனுக்குப் புரியவில்லை. முதல் திருப்பத்திலேயே மறுத்திருக்கலாம்; அப்போது அது மறுக்கிற அளவுக்குப் பெரிய பொய்யாக இல்லை. இப்போது மறுத்தால், அப்படியானால் என்னதான் சொன்னார் என்று கேட்பார்கள். கூடம் நிறைய ஆட்கள். நடுவில் அவர் கிடக்கிறார். நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன், நாய்க்கு மாத்திரை வேண்டாம் என்று சொன்னார் என்று எப்படிச் சொல்வது?

கூடத்தின் மறு பக்கத்திலிருந்து மனைவி அவனைப் பார்த்தாள். அவள் காதுக்கும் எட்டியிருந்தது. பார்வையில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தகன நிலையத்தில் காத்திருக்கும் அறை ஒன்று இருந்தது. வெள்ளைச் சுவர், வரிசையாக இரும்பு பெஞ்சு, குடிதண்ணீர் இயந்திரம். முந்தைய குடும்பம் வெளியேறும் வரை அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா அங்கேயும் நாலு வார்த்தை பேசினார். தன் தம்பி யாருக்கும் கடன்பட்டதில்லை, யாரையும் ஏசினதில்லை, போகும்போதும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் போனான் என்றார். எல்லாரும் தலையசைத்தார்கள். மருமகன் தண்ணீர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கைக்கு ஒரு ஸ்பேனர் கிடைத்தால் சரி செய்துவிடலாம் என்று தோன்றியது.

திரும்பி வரும்போது வெயில் இறங்கியிருந்தது. உறவினர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பெரியப்பா போகும்போது மருமகனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவன் சொன்னதை மறந்துவிடாதீர்கள் என்றார். அவன் சரி என்றான். அந்த நிமிஷம் அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. தான் சொன்னதை அவரே முழுக்க நம்பினார். கூடத்தில் விளக்கைப் போட்டபோது, அவரைக் கிடத்தியிருந்த இடம் காலியாக, கழுவிவிட்ட ஈரத்தோடு இருந்தது.

மருமகன் நாற்காலிகளை மடித்து அடுக்கிவிட்டு அடுப்படிக்கு வந்தான். மனைவி தொட்டியில் டம்ளர்களை அலசிக்கொண்டிருந்தாள். வந்து போனவர்கள் எல்லாரும் குடித்துவிட்டு வைத்த டம்ளர்கள். மாமியார் ஸ்டூலை அடுப்படிக்குக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து, கழுவினவற்றைத் துணியால் துடைத்து அடுக்கினார். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மனைவி குழாயை மூடினாள். திரும்பாமலேயே பேசினாள்.

"உங்ககிட்ட எங்களப் பாத்துக்கச் சொன்னாரு. சரி. அத நீங்க பெருமையா சொல்லிக்க வேணாம்னு எங்கிட்ட மறச்சீங்க, அதுவும் சரி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். நான் எங்கன்னு கேட்டாரா?"

மருமகன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இத்தன நாளும் கூடவே இருந்தேன். ஒரு வார்த்த, அவ எங்கன்னு..." அவள் முடிக்கவில்லை. டம்ளர் ஒன்றை எடுத்து, கழுவினதையே மறுபடியும் கழுவினாள்.

"பெரியப்பா சொன்னது எதுவும் நடக்கல" என்றான் மருமகன்.

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"கையப் புடிக்கல. பாத்துக்கச் சொல்லல. நான் அவர் முன்னாடியே இல்ல. கட்டில் கைப்பிடி சிக்கிக்கிச்சு, அடியில பூந்து சரி பண்ணிக்கிட்டிருந்தேன். மேல இருந்து குரல் வந்துச்சு." அவன் நிறுத்தினான். இதற்கு மேல் எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான் என்று பட்டது. "மேனேஜர் சாப்ட்டானான்னு கேட்டாரு. நான் ம்னு சொன்னேன். அப்புறம், 'அதுக்கு அந்த மாத்திரையெல்லாம் வேணாம்னு சொல்லு, சோறு ஒழுங்கா தின்னுது, அது போதும்'னு சொன்னாரு. அவ்வளவுதான். வெளிய வந்து பாக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

மாமியாரின் கையில் துணி அப்படியே நின்றது. அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. தப்பு செய்துவிட்டோம், பெரியப்பாவின் கதையையே விட்டிருக்கலாம் என்று நினைத்தான்.

"எந்த மாத்திர?" என்றார் மாமியார். "பச்சையா, வெள்ளையா?"

"அது சொல்லல அத்த."

"ரெண்டும்தான் இருக்கும்." அவர் டம்ளரைத் துடைக்க ஆரம்பித்தார். "கடைசி வரைக்கும் விட்டுக் குடுக்கல பாரு."

மனைவி வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். புருவம் நெளிந்திருந்தது.

"எப்படிச் சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

"அதான் சொன்னேனே. வேணாம்னு சொல்லுன்னாரு."

"சொல்லுங்கன்னா, சொல்லுன்னா?"

அவள் கேள்வி எங்கே போகிறது என்று மருமகனுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லுங்க என்று இரண்டு எழுத்தைச் சேர்த்துவிட்டால் போதும், அவன் பையில் போட்டுக்கொண்டது அவனிடமே இருக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"சொல்லுன்னுதான் சொன்னாரு."

"உங்கள அப்பா ஒரு நாளாவது நீ வா போன்னு பேசியிருக்காரா?"

"இல்ல."

"நீங்க ம்னு மட்டும்தான் சொன்னீங்க. ஆளும் கண்ணுல படல." அவள் ஈரக் கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். "நான் அங்கயே இருக்கேன்னு நெனச்சிருக்காரு. எங்கிட்டதான் சொல்லியிருக்காரு. அம்மாகிட்ட சொல்லுன்னு."

அதன் பிறகு அவள் அழுதாள். காலையிலிருந்து முதல் தடவையாக. தொட்டியைப் பார்த்துக்கொண்டே, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள். நடுவில் ஒரு முறை சிரிப்பு மாதிரியும் வந்தது. மாத்திரையைப் பற்றியா சொல்லணும் என்றாள். மருமகன் நிலைப்படியிலேயே நின்றான். அவள் சொன்னது சரிதான். இப்போது யோசித்துப் பார்த்தால் அது தவிர வேறு எப்படியும் இருந்திருக்க முடியாது. மாமனார் அவனோடு கடைசியாகப் பேசியது முந்தின வாரமாக இருக்கும். வண்டியை வெயிலில் நிறுத்தாதீர்கள், டயருக்கு ஆகாது என்றார். அதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அழுகை ஓய்ந்த பிறகு மனைவி அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ ஆஸ்பத்திரிக்கு சத்துப் பவுடர் போட்டுப் பால் கொண்டுவருவேல்ல, வேணாம்னு தள்ளிவிடுவாரு. நீ கெளம்பினதும் எடுத்துக் குடிச்சிடுவாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியமே வாங்கிட்டாரு."

"தெரியும்" என்றார் மாமியார்.

"எப்படி?"

"டம்ளரக் கழுவுனது நான்தானே. கீழ ஊத்துன டம்ளர் வேற, குடிச்ச டம்ளர் வேற." அவர் கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "நானும் கேக்கல."

கூடத்தில் நகம் தரையில் படுகிற சத்தம் கேட்டது. மேனேஜர் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றது. காலையிலிருந்து அதற்கு யாரும் ஒன்றும் போடவில்லை என்பது அப்போதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் தான் சொன்ன அந்த முதல் "ம்" பொய் என்று மருமகன் நினைத்துக்கொண்டான்.

மாமியார் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பானையிலிருந்து சோறு எடுத்து, வேகவைத்த கறித் துண்டுகளைப் பிசைந்து, அலுமினியத் தட்டில் போட்டார். பழக்கத்தில் கை தானாக அலமாரிக்குப் போய்ப் பச்சை டப்பாவை எடுத்தது. மூடியைத் திறந்து, ஒரு மாத்திரையை விரலால் எடுத்து, வெளிச்சத்தில் பார்த்தார். மனைவியும் மருமகனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வெறும் சோத்துல என்ன இருக்கு" என்றார் மாமியார். அது அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னது அல்ல. சிறிது நேரம் நின்றார், கூடத்திலிருந்து பதில் வரட்டும் என்பது போல. பிறகு மாத்திரையை டப்பாவுக்குள் போட்டு மூடி, அலமாரியில் வைத்தார்.

தட்டைத் தரையில் வைத்து, நாயின் பக்கம் தள்ளினார்.

மேனேஜர் தட்டைப் பார்க்கவில்லை. பின்னங்காலை மடித்து நேராக உட்கார்ந்து மாமியாரையே பார்த்தது. அவர் தட்டைக் காலால் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அது அசையவில்லை.

"பசியில்லையா அதுக்கு?" என்று மருமகன் கேட்டான்.

"அம்மா கையப் பாக்குது" என்றாள் மனைவி. "மாத்திரை தட்டுல போட மாட்டா. கைல வச்சுக் குடுப்பா. அத வாங்கினப்புறம்தான் தட்டுல வாய் வைக்கும்."

மாமியார் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் ஒவ்வொன்றாக மடங்க, மெல்லத் தரையில் உட்கார்ந்தார். வலி முகத்தில் தெரிந்தது. உட்கார்ந்து, வெறும் உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

நாய் மோந்து பார்த்தது. கையின் நடுவில் நக்கியது, பிறகு விரல் இடுக்குகளில், பிறகு மணிக்கட்டுவரை. அவசரப்படாமல், எதையும் விட்டுவிடாமல் நக்கியது. அதன் பிறகு திரும்பி, தட்டில் வாய் வைத்தது.

மருமகன் அவரைத் தூக்கிவிடுவதற்காகக் கிட்டே போனான். அவர் வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். ஈரமான கையைத் துடைக்காமல், மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அது தின்று முடிக்கிறவரை தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.